எழுபது சென்ரிமீற்றர்

அந்தோனிதாசனுக்குக் கோபம் வருவது புதினமான விஷயமில்லை. பூசைக்குப் பிந்தி வந்து முன் வாங்கில் போய் இருக்கிறவர்களைக் கண்டால் வரும். தேத்தண்ணிக்குச் சீனியைப் போட்டுவிட்டுக் கலக்காமல் நீட்டுகிறவர்களைக் கண்டால் வரும். வந்த வேகத்திலேயே போயும் விடும். ஆனால் சென்ற ஏப்ரலில் வந்த கோபம் போகவில்லை. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரத்துக்கு வடக்கே, முந்தின வருடம் வரைக்கும் கோதுமை விளைந்த ஒரு வயலில், கையில் எல்லைக்கட்டையோடு நிற்கும்போது அது வந்தது.

எல்லைக்கட்டை என்பது ஊர்ப் பழக்கத்தில் அவர் வைத்த பேர். உண்மையில் அது முழங்கை நீள இரும்புக் குழாய். ஒருவருடைய காணி எங்கே முடிகிறது, அடுத்தவருடையது எங்கே தொடங்குகிறது என்று அந்தக் குழாய்தான் சொல்லும். அதை மண்ணுக்குள் அடித்து இறக்குவதுதான் இருபத்துநாலு வருடமாக அவருடைய வேலை.

இளவாலைக்காரர். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்து நில அளவைக் கந்தோரில் சங்கிலி பிடிக்கப் போனவர். எண்பத்தாறில் டென்மார்க் வந்து, பதினாலு வருடம் பன்றி வெட்டும் ஆலையில் குளிருக்குள் நின்றார். தோள்மூட்டு பழுதாய்ப் போனபிறகு, கொமூன் என்கிற நகரசபையில் இருந்த ஆள் "உனக்கு வேறு என்ன தெரியும்?" என்று கேட்டான். "காணி அளக்கத் தெரியும்" என்றார். அவன் சிரித்தான். மோர்டன் என்ற நில அளவையாளன் சிரிக்கவில்லை. கூப்பிட்டு, ஒரு மூட்டை கட்டையையும் சம்மட்டியையும் கொடுத்து, "அடி பார்ப்போம்" என்றான். அன்று தொடங்கியது. சங்கிலி போய், செய்மதியைப் பார்த்துப் பேசும் தடி வந்தது, தடியோடு கைப்பலகை போன்ற கணினியும் வந்தது. அந்தோனிதாசன் எல்லாவற்றையும் பழகினார். இந்த இருபத்துநாலு வருடத்தில் ஒரு கட்டையையேனும் இரண்டு சென்ரிமீற்றர் பிழையாய் அடித்ததில்லை என்று மோர்டனே ஆட்களுக்குச் சொல்லுவான்.

ஊரில் வேலி அரக்கிற ஆட்களை அவர் நிறையக் கண்டிருக்கிறார். வேலி அடைக்கிற ஒவ்வொரு முறையும் கதியாலை அரைச் சாண் அடுத்தவன் பக்கம் தள்ளி நடுகிற கூட்டம். அவருடைய தகப்பனாரின் பக்கத்துக் காணிக்காரன் அப்படி அரக்கித்தான், ஒரு சாண் நிலத்துக்காகப் பதினொரு வருடம் மல்லாகம் நீதிமன்றத்துக்கு நடக்க வைத்தான். அதனால் கட்டை அசைக்கிறவனைப்போலக் கேவலமானவன் உலகத்தில் இல்லை என்பது அந்தோனிதாசனின் முடிவு.

இனி, அந்தக் கோபத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தான் காணியைப் பரப்பில்தான் நினைப்பான். எந்த நாட்டுக்குப் போனாலும் அது மாறாது. சதுர மீற்றர் என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, மனதுக்குள் இருநூற்றைம்பத்துமூன்றால் பிரித்துப் பார்ப்பான். அந்தோனிதாசன் இந்த வேலைக்கு வந்த காலத்தில் ஹோர்சன்ஸைச் சுற்றிப் பிரிக்கிற காணிகள் ஆயிரம் சதுர மீற்றர் இருந்தன. நாலு பரப்பு. பிறகு எண்ணூறு ஆனது. பிறகு அறுநூறு. நகரம் வளர வளரக் காணி தேய்ந்தது. அவருக்கு அது கணக்கில் தெரிவதற்கு முந்தி, வேலைக்குப் போகிற வான் வண்டியில் தெரிந்தது. முன்பெல்லாம் ஒரு வயலுக்கு நாற்பது கட்டை ஏற்றிக்கொண்டு போனால் நாலைந்து மிஞ்சும். இப்போது அதேயளவு வயலுக்குத் தொண்ணூறு ஏற்றியும் திரும்பிவந்து இன்னும் ஏற்றவேண்டியிருந்தது. நிலம் அப்படியே இருந்தது, கட்டைதான் பெருகியது. இதைச் சொல்லி அவர் பொருமும்போது மோர்டன், "மக்கள் வாங்குகிறார்கள்தானே" என்பான். அடுத்தவர்களுடைய காணி என்றபடியால் அந்தக் கோபங்களும் பின்னேரம் ஐந்து மணிக்குள் ஆறிவிடும்.

இந்த வயலின் பதினாலாம் இலக்கக் காணி அடுத்தவர்களுடையது இல்லை. அதை எடுத்தவர்கள் அவருடைய மகள் சுஜாந்தினியும் மருமகன் டானியலும்.

எடுத்ததும் தங்களுக்காக மட்டும் இல்லை. அந்தோனிதாசனின் மனைவி அருமைநாயகி இருபது வருடம் வீடு வீடாய்ப் போய் வயதானவர்களைப் பராமரித்த மனுசி. எத்தனை டெனிஷ்காரக் கிழவிகளைக் குளிக்க வார்த்து, எத்தனை கிழவர்களுக்குக் காலுறை போட்டுவிட்டவர் என்பதற்குக் கணக்கில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு அவருக்குப் பாரிசவாதம் அடித்தது. வலப்பக்கம் விழுந்துவிட்டது. கதைபேச்சு மெதுவாக வந்தது, ஆனால் வந்த கதை கூராகவே இருந்தது. அவர்கள் இருந்ததோ லிஃப்ற் இல்லாத கட்டடத்தில் இரண்டாம் மாடி. வைத்தியசாலைக்குப் போகிற நாட்களில் இரண்டு பேர் வந்து கதிரையோடு தூக்கி இறக்குவார்கள். மற்ற நாட்களில் அவருக்கு வெளியுலகம் என்றால் குசினி யன்னல்தான். நிலத்தோடு ஒட்டிய வீடுகளுக்கான காத்திருப்புப் பட்டியலில் அவருடைய பெயர் எங்கேயோ கிடந்தது.

அதனால்தான் சுஜாந்தினி, "அம்மாவை நாங்கள் எங்களோட வச்சிருக்கிறம். கீழ ஒரு அறை, வாசல்படி இல்லாமல் வெளியில போற மாதிரி" என்று சொன்னாள். தமிழில்தான் சொன்னாள். முக்கியமான விஷயம் என்றால் அவளுக்கு டெனிஷ் வாயில் வராது.

முதல் வரைபடத்தில் பதினெட்டுக் காணிகள் இருந்தன. "எத்தினை பரப்பு பிள்ளை?" என்று தகப்பன் ரெலிபோனில் கேட்டார். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பரப்பு என்றால் நிலத்தின் அளவு என்று மட்டும் படித்திருந்த மகள், காகிதத்தைப் பார்த்து, "ஐந்நூற்று நாப்பது பரப்பு அப்பா" என்றாள்.

"முப்பத்துநாலு ஏக்கரோ? என்ன பிள்ளை, விமான நிலையமோ கட்டப் போறியள்?"

அவளுக்கு விளங்கவில்லை. அவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்நூற்று நாற்பது சதுர மீற்றர், இரண்டு பரப்புக்கு மேலே. அடுத்த தமிழ்ப் பூசையில் கோப்பி குடிக்கும்போது ஒருவர் விடாமல் எல்லோருக்கும் சொன்னார். மெல்பேர்ணில் இருக்கும் மைத்துனர் ஞானரட்ணத்துக்கும் எடுத்துச் சொன்னார்.

ஞானரட்ணம் பெருமூச்சு விட்டார். "நீங்கள் குடுத்து வச்சனீங்கள் மச்சான். இஞ்ச என்ர பெடியன் வாங்கின காணி இருநூற்றுப் பன்ரண்டு. ஒரு பரப்பும் இல்லை. அதுக்குள்ள நாலு அறை. நான் வந்த காலத்தில மெல்பேர்ணில மூண்டு பரப்புக்குக் குறைய ஆரும் காணி விக்கேல்லை. இப்ப கூரைப் பீலிக்குப் பீலி முட்டுது. பக்கத்து வீட்டுக்காரன் பல்லு மினுக்கிறது இவங்களுக்குக் கேக்குது. உடுப்புக் காயப்போடக் கொடி கட்ட இடமில்லை எண்டு பேரப்பிள்ளையின்ர சட்டை அறைக்குள்ள தொங்குது."

"இஞ்ச உந்த விளையாட்டு நடவாது. டெனிஷ்காரனுக்குச் சட்டம் எண்டால் சட்டம்" என்றார் அந்தோனிதாசன். அந்த வசனத்தை நினைக்கும்போதெல்லாம் பிறகு அவருக்குத் தன் வாயிலேயே இரண்டு போடவேண்டும்போல இருந்தது.

ஏப்ரலில், வயலில் நின்றபடி கைக்கணினியைத் திறந்தபோது புதிய வரைபடம் வந்திருந்தது. காணிகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். இருபத்துநாலு.

"மோர்டன், இது வேறு வயலின் வரைபடம்."

"இல்லை, இதுதான். காணி விற்கிற கம்பனி திருத்தியிருக்கிறது. கொமூன் அனுமதி கொடுத்துவிட்டது" என்றான் மோர்டன், வானுக்குள் இருந்தபடியே.

பதினாலாம் இலக்கத்தைத் தொட்டுப் பார்த்தார். நானூற்று அறுபது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், அதில் வீதி அறுபத்தாறு. முந்தின வரைபடத்தில் வீதி தனியாக இருந்தது. இப்போது வீதியையும் துண்டு துண்டாக வெட்டி ஆளுக்கொரு பங்கு காணியோடு சேர்த்து எழுதியிருந்தார்கள். கார் ஓடுகிற தாரையும் உன் காணி என்று சொன்னால் தாளில் இலக்கம் பெரிதாய்த் தெரியுந்தானே. அதைக் கழித்தால் முந்நூற்றுத் தொண்ணூற்று நாலு. பதினெட்டு மீற்றர் இருந்த அகலம் பதினாலு ஆகிவிட்டது. அந்தப் பதினாலிலும் இரண்டு பக்கத்து எல்லையிலிருந்தும் இரண்டரை மீற்றர் விட்டுத்தான் கட்டலாம். மிச்சம் ஒன்பது.

வாங்குபவர்களுக்குப் போன கடிதத்தில் கம்பனி அதை "சிறு திருத்தம்" என்று எழுதியிருந்தது. நல்ல தடித்த காகிதம், மேலே ஒரு மரத்தின் படம். திருத்தம் பிடிக்காதவர்கள் இத்தனை நாளுக்குள் விலகலாம் என்று ஒரு வரியும் இருந்தது. ஊரில் அரைச் சாண் அரக்கினவனை ஊரே காறித் துப்பும். இங்கே ஆறு வீட்டு நிலத்தை அரக்கிவிட்டு மரம் போட்ட காகிதத்தில் கடிதம் அனுப்புகிறான். இதைத்தான் அந்தோனிதாசனால் தாங்க முடியவில்லை.

ஒன்பது மீற்றருக்குள் பழைய வீடு வரவில்லை. புதிய வீட்டுக்கு இரண்டு தட்டு. படுக்கையறைகள் எல்லாம் மேலே. கீழே அம்மாவுக்கென்று வைத்த அறை "அலுவலக அறை" ஆகிவிட்டது. நீளம் மூன்றும் இல்லை, அகலம் இரண்டு மீற்றர் அறுபது.

அருமைநாயகி குசினி மேசையில் அந்தப் படத்தை இடக்கையால் இழுத்துப் பார்த்தார். அந்தத் தொழிலில் இருபது வருடம் நின்றவருக்கு அளவுநாடா தேவைப்படவில்லை.

"கட்டில் தொண்ணூறு" என்றார் மெதுவாக. "ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மீற்றர் வேணும். இல்லாட்டி பராமரிக்க வாற பிள்ளையள் முதுகை முறிச்சுப்போடுங்கள். இடமில்லாத வீட்டில நாங்களும் வேலை செய்யமாட்டம் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறம். இதில முப்பது குறையுது. சில்லுக்கதிரை திரும்ப இன்னும் ஒரு நாப்பது வேணும்." பிறகு படத்தைத் தள்ளிவிட்டார். "உது அறை இல்லை. உது சாமான் வைக்கிற இடம்."

முப்பதும் நாற்பதும் எழுபது. அந்தோனிதாசன் கம்பனியில் விற்பனைக்குப் பொறுப்பான பெர்னிலே என்ற பெண்ணுக்கு ரெலிபோன் எடுத்தார். கிழக்குச் சுவரை எழுபது சென்ரிமீற்றர் வெளியே தள்ள முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அவள் தேன் வடிகிற குரலில், எல்லைக்குத் தூரம் போதாது, தனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது, ஆனால் அலுவலக அறையில் மடிக்கிற கட்டில் ஒன்று அழகாக அடங்கும் என்றாள்.

"உதுக்கு நாங்கள் ஏதும் செய்யேலாதோ?" என்று அவர் மகளிடம் கத்தினார்.

சுஜாந்தினி கண்ணைத் தேய்த்துக்கொண்டு டெனிஷில் சொன்னாள்: "அப்பா, இப்போது எல்லா இடத்திலும் இப்படித்தான். வைலே நகரத்திலும் பார்த்தோம், இதைவிடச் சின்னது. வேறு என்ன செய்ய?" டானியல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு மெல்பேர்ணிலிருந்து அழைப்பு வந்தபோது அந்தோனிதாசன் எடுக்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பதின்மூன்றாம், பதினாலாம், பதினைந்தாம் காணிகளுக்குக் கட்டை அடிக்கிற முறை வந்தது. நல்ல வெயில். மோர்டன் தூரத்தில் வானுக்குள் இருந்து யாருடனோ கதைத்துக்கொண்டிருந்தான். தடி பதினாலுக்கும் பதினைந்துக்கும் நடுவிலுள்ள புள்ளியில் நின்று பச்சை விளக்கைக் காட்டியது. அந்தோனிதாசன் அந்தப் புள்ளியைப் பார்த்தார். பிறகு கிழக்கே ஒரு கால் எடுத்து வைத்தார். இன்னும் கொஞ்சம். குனிந்து அளவுநாடாவைப் பிடித்தார். சரியாக எழுபது. அந்த இடத்தில் கட்டையை வைத்து அடித்தார். முன்மூலைக்கும் அடித்தார், பின்மூலைக்கும் அடித்தார்.

கம்பனிக்குச் செய்மதிக் கணக்கு இருக்கிறது என்பது தெரியாதவர் இல்லை அவர். ஆனால் கட்டுகிறவன் கட்டையைப் பார்த்துத்தான் கட்டுவான், கட்டையைச் சந்தேகிக்கிற டெனிஷ்காரனை அவர் இந்த நாட்டில் கண்டதில்லை. சம்மட்டி விழுந்த ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் இனித்தது. என்ன செய்கிறோம் என்று தெரிந்துகொண்டேதான் செய்தார். வானுக்குத் திரும்பி வந்து பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியை ஊற்றி ஆறுதலாகக் குடித்தார். கோபம் அவ்வளவுக்கு உள்ளே போயிருந்தது.

பதினைந்தாம் இலக்கத்தை யார் எடுத்தார்கள் என்று அவர் விசாரிக்கவில்லை. அங்கேதான் கணக்குப் பிழைத்தது.

மே மாதம் ஒரு சனிக்கிழமை கம்பனி வாங்கியவர்களையெல்லாம் வயலுக்கு அழைத்தது. கூடாரம் அடித்து, கொடி கட்டி, பாணுக்குள் சொசேஜ் வைத்துக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பலூன். மோர்டனும் அந்தோனிதாசனும் கட்டைகளைக் காட்டுவதற்காக வேலை உடுப்போடு நின்றார்கள். சுஜாந்தினியும் டானியலும் வந்து தங்கள் காணியில் நின்று, எந்தப் பக்கம் வெயில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது ஒரு பழைய ரொயோட்டா வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஜோர்ஜ். வைலேயில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறவர், பருத்தித்துறைக்காரர், பெந்தெகொஸ்தே சபையில் கிற்றார் வாசிக்கிறவர். கூடவே மனைவி மிரியம். இருபது வருடமாக முகம் தெரியும், கண்ட இடத்தில் கதைக்கிற அளவுக்குப் பழக்கம்.

"அண்ணை! நீங்களும் இஞ்சையோ? நாங்கள் பதினைஞ்சு."

அந்தோனிதாசனுக்குக் காது இரைந்தது.

டெனிஷ்காரர்கள் எல்லாரும் சொசேஜுக்கு வரிசையில் நின்றார்கள். ஜோர்ஜ் நிற்கவில்லை. பருத்தித்துறையில் பிறந்த ஒருவன் காணிக்கு வந்து முதலில் சொசேஜா தின்பான்? கார் டிக்கியைத் திறந்து முப்பது மீற்றர் நாடாவை எடுத்தார். ஒரு நுனியை மிரியத்திடம் கொடுத்து, கட்டைக்குக் கட்டை பிடித்தார். பிடித்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார். பின்பக்கம் போய்ப் பிடித்தார். பிறகு நேரே அந்தோனிதாசனிடம் வந்தார்.

"அண்ணை, பதின்மூண்டு முப்பது. தாளில பதினாலு கிடக்கு."

"நாடா தொய்ஞ்சிருக்கும்."

"நாடா தொய்ஞ்சால் கூடத்தான் காட்டும் அண்ணை, குறையக் காட்டாது." ஜோர்ஜ் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு பக்கத்துக் காணியில் நிற்கும் சுஜாந்தினியைப் பார்த்தார். எழுபது சென்ரிமீற்றர் எங்கே போயிருக்கிறது என்பது விளங்கிவிட்டது. ஒரு டெனிஷ்காரன் நூறு வருடம் நின்று யோசித்தாலும் விளங்காது. "அரக்கிப்போட்டியள் என்ன?"

"மெதுவாய்க் கதை ஜோர்ஜ்."

"என்னத்துக்கு மெதுவாய்? இஞ்ச வந்துமோ வேலி அரக்கிறியள்? என்ர மனிசியும் நானும் ராப்பகல் மாறி மாறி ஷிஃப்ற் செய்து எடுத்த காணி அண்ணை இது! கோயிலுக்குப் போற மனுசன் நீங்கள்!"

"என்ர மனிசிக்கு ஒரு கட்டில் போட இடமில்லை!"

"அதுக்கு என்ர காணியோ கிடைச்சது?"

இரண்டு பேரும் கத்திய கத்தில் பலூனோடு நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். சுஜாந்தினி ஓடிவந்தாள். மோர்டனும் வந்தான். பெர்னிலே கையில் கோப்பிக் குவளையோடு, முகம் நிறையச் சிரிப்போடு வந்தாள்.

"என்ன பிரச்சினை?"

ஜோர்ஜுக்குக் கோபத்தில் டெனிஷ் தடுமாறியது. "என் காணியில் எழுபது சென்ரிமீற்றர் இல்லை."

"ஓ, எழுபது சென்ரிமீற்றர்தானே!" என்று பெர்னிலே சிரித்தாள். "நீங்கள் இரண்டு பேரும் ஒரே நாட்டுக்காரர், பக்கத்து வீட்டுக்காரர். அவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு நல்ல நாளைக் கெடுக்கலாமா?"

அந்த இடத்தில் அந்தோனிதாசனுக்கு ஏதோ அறுந்தது. பிடிபட்ட வெட்கம் ஒரு பக்கம் நின்றது. இவளுடைய சிரிப்பு அதற்கு மேலே ஏறி நின்றது.

"சின்ன விஷயம் இல்லை" என்றார் டெனிஷில். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். "நான்தான் கட்டையைத் தள்ளி அடித்தேன். தெரிந்துதான் அடித்தேன். அது களவு. மோர்டன், மன்னித்துக்கொள். இந்த மனிதனுடைய நிலத்தை நான் எழுபது சென்ரிமீற்றர் திருடினேன். இப்போது நீ சொல், நீங்கள் எத்தனை மீற்றர் தள்ளினீர்கள்?"

மோர்டனின் முகம் வெளுத்துவிட்டது. பெர்னிலேயின் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது, கழற்ற மறந்துவிட்டாள்போல.

அந்தோனிதாசன் போய் இரண்டு கட்டைகளையும் பிடுங்கினார். தடியை வைத்துச் சரியான புள்ளி பார்த்து, எல்லாரும் பார்க்கத் திரும்ப அடித்தார். பிறகு வானுக்குள் இருந்த செம்மஞ்சள் ஸ்பிரேயை எடுத்தார். வழக்கமாகக் குழி வெட்டுகிறவர்களுக்கு அடையாளம் போடுகிற பூச்சு அது.

"ஜோர்ஜ், நாடாவைப் பிடி."

"நான் ஏன் பிடிப்பான்?"

"பிடி தம்பி. பிறகு என்னைப் பொலிசிலை குடு. இப்ப பிடி."

ஜோர்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தார். ஆனாலும் பிடித்தார். அந்தோனிதாசன் எல்லையிலிருந்து இரண்டரை மீற்றர் உள்ளே அளந்து வீட்டின் கிழக்குச் சுவரைக் கீறினார். வீதியோரம் எங்கே, முன்கதவு எங்கே, படி எங்கே என்று கீறினார். பிறகு அலுவலக அறையைக் கீறினார். இரண்டு மீற்றர் அறுபது. அதற்குள் நடுவில் கட்டிலைக் கீறினார். தொண்ணூறு சென்ரிமீற்றர் அகலம், இரண்டு மீற்றர் நீளம். சொசேஜ் வரிசை கலைந்து சனம் சுற்றி வந்தது. தாளில் அழகாக இருந்த அறை புல்லில் சுருங்கிக் கிடந்தது. ஒரு கிழவர், "எங்கள் நாய்க்கு இதைவிடப் பெரிய கூடு" என்று முணுமுணுத்தார்.

"நிலத்தில் கீறினால் எப்போதும் சின்னதாகத்தான் தெரியும்" என்றாள் பெர்னிலே. "சுவர் எழும்பியதும் விசாலமாக இருக்கும்."

சுஜாந்தினி முன்னே வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கீறிய கட்டிலுக்குள் போய்ப் புல்லில் நீட்டி நிமிர்ந்து படுத்தாள். வலது கையைச் செத்ததுபோல வயிற்றில் போட்டாள். நாளுக்கு இரண்டு தரம் வந்து அம்மாவைப் புரட்டுகிறவள் அவள். எந்தக் கை எப்படிக் கிடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நான் என் அம்மா" என்றாள் டெனிஷில். "எனக்கு உடுப்பு நனைந்துவிட்டது. வாருங்கள், என்னைப் புரட்டுங்கள். இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். சட்டப்படி அப்படித்தான்."

"நான் அப்படியெல்லாம்…"

"வாருங்கள். விற்கத் தெரிந்தால் இதையும் செய்யத் தெரியவேண்டும்."

பெர்னிலே சுற்றுமுற்றும் பார்த்தாள். முப்பது நாற்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு வழியில்லாமல் குவளையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் காலை வைத்துக் குனிந்தாள். குனிந்தவளுக்குப் பின்பக்கம் இடம் காணவில்லை. ஒரு அடி பின்னே எடுத்து வைத்தாள். செம்மஞ்சள் கோடு அவளுடைய சப்பாத்துக்கு முன்னால் இருந்தது.

"இப்போது நீங்கள் சுவருக்கு வெளியே நிற்கிறீர்கள்" என்றாள் சுஜாந்தினி, வானத்தைப் பார்த்தபடி. "மழைக்குள் நிற்கிறீர்கள். என் அம்மாவை அங்கே நின்றா கழுவுவீர்கள்?"

மிரியம் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். ஜோர்ஜ் நாடாவைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடித்து, அந்தோனிதாசனைப் பார்க்காமலே, "பதினைஞ்சையும் ஒருக்கால் கீறிக் காட்டுங்கோ" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பெரிய வெற்றியாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சுஜாந்தினியும் டானியலும் திங்கட்கிழமையே விலகினார்கள். ஜோர்ஜ் ஒரு கிழமை யோசித்துவிட்டு விலகினார். இன்னும் மூன்று குடும்பம் விலகியது. ஐந்து காணியும் காத்திருப்புப் பட்டியலில் இருந்த ஆட்களுக்குப் பதினைந்து நாளில் போய்விட்டன. அவர்களில் ஒருவரும் வயலுக்கு வந்து பார்க்கவில்லை, தாளைப் பார்த்து எடுத்தார்கள்.

எல்லைக் கட்டையை அசைத்தவனை நில அளவையாளன் வைத்திருக்க முடியாது. மோர்டன் கெட்டவன் இல்லை. வான் வண்டியின் திறப்பைத் திருப்பி வாங்கும்போது அவன் கண் கலங்கியது. "இருபத்துநாலு வருடம், அந்தோனி" என்றான். கம்பனியோடு வேலை செய்வதை அவன் விடவில்லை. அடுத்த வயலிலும் கட்டை அடிக்க வேண்டும், அதற்கு வேறு ஒருவரை எடுத்துவிட்டான். கம்பனி பொலிசுக்குப் போகவில்லை. போனால் அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் பேச வேண்டி வரும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தோனிதாசன் இரண்டு மாடியும் ஏறி வந்து, குசினி மேசையில் மனைவிக்கு முன்னால் இருந்தார். எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். கட்டை அரக்கியதையும் சொன்னார். அருமைநாயகி இடக்கையால் மேசை விரிப்பின் மடிப்பை நீவிக்கொண்டு கேட்டார். அவருடைய முகத்தின் ஒரு பக்கம்தான் அசையும், அந்தப் பக்கத்தில் கோபம் ஏறுவது தெரிந்தது.

"நீங்கள் செய்தது பிழை. ஜோர்ஜிட்டைப் போய் வடிவாய் மன்னிப்புக் கேளுங்கோ" என்றார். ஒவ்வொரு சொல்லாக வந்தது. "வீடு போனால் போகட்டும். நான் இதுக்குள்ளயே கிடக்கிறன்."

பிறகு யன்னல் பக்கம் திரும்பினார். கீழே முற்றத்தில் யாரோ ஒரு பெண் பிள்ளைவண்டில் தள்ளிக்கொண்டு போனாள்.

"அந்தப் பொம்பிளையின்ர பேர் என்னெண்டு சொன்னனீங்கள்?"

"பெர்னிலே."

"அவளை இஞ்ச வரச்சொல்லுங்கோ. ரெண்டு மாடியும் ஏறி வரட்டும். வந்து, நான் இருக்கிற இந்த இடத்தில ஒரு நாள் இருக்கட்டும். இருந்துபோட்டு, சின்னத் திருத்தம் எண்டு எனக்கு முன்னால ஒருக்கால் சொல்லட்டும்."